வேலூரிலிருந்து உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆர்க்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பனித்தளம் என்பதையே பார்த்திராத இந்தப் பகுதியில், பனியில் இசைக்கேற்பச் சறுக்கியாடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்த்துப் பழகி, ஒரு முறையேனும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. 2027 மார்ச்சில் பின்லாந்தின் தம்பெரே நகரில் நடைபெறவிருக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலான செய்திகள் ஐரோப்பாவில் நடைபெறும் எந்தப் பெரிய போட்டிக்கும் பொருந்தும்.

எந்தப் போட்டிக்குச் செல்வது நல்லது?

ஒலிம்பிக்கை விட்டுவிட்டால், ஆண்டுதோறும் மார்ச் மாதப் பிற்பகுதியில் நடைபெறும் உலகச் சாம்பியன்ஷிப்பே இந்த விளையாட்டின் உச்சம். 2023இல் ஜப்பானின் சைத்தாமா, 2024இல் மான்ட்ரியல், 2025இல் பாஸ்டன் என்று நாடு மாறிக்கொண்டே வரும் இப்போட்டி, 2026க்குப் பிராக் நகருக்கும் 2027க்குத் தம்பெரேவுக்கும் ஒதுக்கப்பட்டது. அக்டோபரிலும் நவம்பரிலும் ஆறு கிராண்ட் பிரீ போட்டிகள் ஆறு நாடுகளில் நடைபெற்று, டிசம்பரில் அவற்றின் இறுதிச் சுற்று நடைபெறும். ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் ஜனவரியிலும், ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான நான்கு கண்டப் போட்டி ஜனவரி அல்லது பிப்ரவரியிலும் வரும். இந்தியாவின் தாரா பிரசாத் பங்கேற்றது இந்த நான்கு கண்டப் போட்டியில்தான்.

முதல் முறை செல்பவருக்கு உலகச் சாம்பியன்ஷிப்பையே பரிந்துரைப்பேன். கிராண்ட் பிரீ போட்டியில் ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் ஆடுவார்கள். செலவும் விசா அலைச்சலும் ஏறத்தாழ அதே அளவு இருக்கும்போது, முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆடும் போட்டியைப் பார்ப்பதே நியாயம். பயண தூரம் குறைய வேண்டும் என்பவர்கள் நவம்பரில் ஜப்பானில் நடைபெறும் கிராண்ட் பிரீ போட்டியான என்எச்கே கோப்பையைக் கருதலாம். ஆனால் அங்கே நுழைவுச்சீட்டு பெரும்பாலும் குலுக்கல் முறையில் கிடைப்பதால், கிடைக்காமல் போகும் வாய்ப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் தேர்வுக் காலத்தோடு மோதுமே?

மோதும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறுவதால், அந்த வகுப்புகளில் பிள்ளை இருக்கும் வீட்டினர் உலகச் சாம்பியன்ஷிப்பை அந்த ஆண்டு மறந்துவிடுவதே நல்லது. அவர்களுக்கு நவம்பர் மாதப் போட்டிகள் ஓரளவு ஒத்துவரும். தீபாவளியையும் திருவண்ணாமலைத் தீபத்தையும் தவறவிட மனம் ஒப்பினால்.

எவ்வளவு காலத்துக்கு முன் தொடங்க வேண்டும்? எதை முதலில் செய்ய வேண்டும்?

குறைந்தது எட்டு அல்லது ஒன்பது மாதங்களுக்கு முன் தொடங்க வேண்டும். இந்தப் பயணத்தில் பணத்தைவிட வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து. சரியான வேலைகளைத் தவறான வரிசையில் செய்தவர்களே பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு, அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமேனும் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால், வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே புதுப்பித்தலுக்கு நேரம் பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, தங்குமிடம். போட்டித் தேதி உறுதியானவுடன், கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறை ஒன்றைப் பிடித்து வைத்துவிடுங்கள். அரங்கத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ள அறைகளை அணிகளும் நடுவர்களும் பத்திரிகையாளர்களும் உலகெங்கும் இருந்து வரும் ரசிகர்களும் முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள் என்பதால், இதைத் தள்ளிப்போட்டால் நகரின் வெளிப்புறத்தில்தான் இடம் கிடைக்கும். மூன்றாவது, போட்டிக்கான நுழைவுச்சீட்டு. நான்காவது, விசா. விமானச் சீட்டு கடைசியில்தான். விசா கைக்கு வரும் முன்பு, பணம் திரும்பாத சீட்டை எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல், ஒரே பெயர்தான் இருக்கிறது. சிக்கல் வருமா?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய கேள்வி இது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் தந்தை பெயர் விரித்து எழுதியது, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெற்று என்று மூன்று விதமாக இருப்பவர்கள் இங்கே ஏராளம். விசா விண்ணப்பம், விமானச் சீட்டு, காப்பீடு, அறைப் பதிவு ஆகிய அனைத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுங்கள். விமான நிறுவனத்தின் பதிவுப் பக்கம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டால், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருப்பதால், அந்நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுவிட்டு நிரப்புங்கள். நீங்களாக ஓர் இனிஷியலைச் சேர்த்துவிடாதீர்கள்.

விசாவுக்கு என்னென்ன தேவை?

பின்லாந்துக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கும் குறைவாக இருக்கையில் விண்ணப்பிக்கக் கூடாது. வழக்கமாகப் பதினைந்து நாளில் முடிவு தெரியும் என்றாலும் அது 45 நாள் வரை நீளக்கூடும். மார்ச் மாதப் போட்டிக்கு டிசம்பர் இறுதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ சென்னை விண்ணப்ப மையத்துக்குச் செல்வது பாதுகாப்பானது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை எடுப்பதால், பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் நேரில் வர வேண்டும்.

வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை செய்யுமிடத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, பயணத் திட்டம் ஆகியவற்றோடு போட்டிக்கான நுழைவுச்சீட்டின் நகலையும் இணையுங்கள். வெறும் சுற்றுலா என்று எழுதுவதைவிட, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்த அரங்கில் இந்தப் போட்டியைப் பார்க்கச் செல்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதத்தில் தெளிவாக எழுதினால் விண்ணப்பம் தானே பேசும். தோல் தொழிற்சாலை, கடை என்று சொந்தத் தொழில் நடத்துவோர் ஜிஎஸ்டி பதிவையும் தொழிலின் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரென்று பெருந்தொகை போடுவது நன்மையைவிடச் சந்தேகத்தையே உண்டாக்கும்.

இறுதி நாளுக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதாதா?

போதாது என்றே சொல்வேன். ஆண்கள், பெண்கள், இணையர், ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுகள். ஆண்கள், பெண்கள் ஒற்றையர் பிரிவுகளில் முதல் சுற்றான குறு ஆட்டம் 2 நிமிடம் 40 நொடி, இரண்டாம் சுற்றான நெடிய ஆட்டம் 4 நிமிடம். இரண்டிலும் பத்து நொடி கூடலாம், குறையலாம். குறு ஆட்டத்தில் முதல் 24 இடம் பெற்ற ஒற்றையர் மட்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்வார்கள். ஆகையால், தம் நாட்டிலிருந்து தனியாளாக வந்து, அந்த இருபத்துநான்குக்குள் வந்துவிடத் துடிக்கும் ஒருவரின் ஆட்டத்தைப் பார்க்கக் குறு ஆட்ட நாளன்றுதான் அரங்கில் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பெரும்பாலும் கடைசிக் குழுக்களையே காட்டுவார்கள். நேரில் சென்றும் அதையே பார்த்துவிட்டுத் திரும்புவதில் என்ன லாபம்?

முழுத் தொடருக்கான சீட்டு வழக்கமாக முதலில் விற்பனைக்கு வரும். தனி நாள் சீட்டுகள் பின்னர் வரும். பல போட்டிகளில் முழுத் தொடர்ச் சீட்டோடு பயிற்சி நேரத்தைப் பார்க்கும் அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பயிற்சியின்போது ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் தளத்தில் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவருடைய இசை மட்டும் ஒலிக்கும். மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டு ஓரமாகத் தங்கள் தாவல்களைப் பழகுவார்கள். விழுந்து எழுந்தவர் தடுப்பருகே வந்து, தண்ணீர் குடித்தபடி பயிற்சியாளர் கையால் காட்டுவதைக் கவனித்துவிட்டு, அதே இடத்தில் அதே தாவலை மறுபடியும் முயல்வார். இதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை.

இன்னொன்று: ஒரு பெயரை நம்பிச் சீட்டு வாங்காதீர்கள். 2026 ஒலிம்பிக்குக்கு அடுத்த பருவம் என்பதால் மூத்தவர்கள் பலர் விலகியிருப்பார்கள். 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்ற கவோரி சகமோத்தோ, 2025–26 பருவத்தோடு ஓய்வு பெறப்போவதாக முன்பே அறிவித்தவர். காயம் காரணமாகக் கடைசி வாரத்தில் விலகுவதும் சாதாரணம். அதற்காகச் சீட்டுப் பணம் திரும்பாது.

எந்த இருக்கை நல்லது?

தளம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. நீண்ட பக்கம் ஒன்றில் நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஆட்டக்காரர்கள் முகம் காட்டி ஆடுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம் நோக்கியே. அதே பக்கத்தில், சற்று உயரத்தில் கிடைக்கும் இருக்கை முதல் முறை செல்பவருக்கு ஏற்றது. முதல் இரண்டு மூன்று வரிசைகள் விலை அதிகம். வேகத்தையும், பிளேடு பனியைக் கீறும் ஒலியையும் அங்கே அமர்ந்தால்தான் முழுமையாக உணர முடியும். ஆனால் அருகிலுள்ள தடுப்புப் பலகை தளத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஐஸ் டான்ஸில் கால்கள் வரையும் கோலம் அங்கிருந்து தெரியாது.

குறுகிய பக்கங்களைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். லட்ஸ் என்னும் தாவலுக்காகப் பின்னோக்கி நீண்ட வளைவில் வரும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மூலைப் பக்கத்தில்தான் எழும்புவார்கள். மூலை இருக்கைக்காரருக்கு அது நேர் எதிரே நிகழும். மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் மேடையும் பல அரங்குகளில் அந்த முனையிலேயே இருக்கும். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்வோர் மேலடுக்கைத் தவிர்க்க வேண்டும். அங்கே படிகள் செங்குத்தாக இருக்கும், கைப்பிடியும் எல்லா இடத்திலும் இராது.

வேலூரிலிருந்து எப்படிச் செல்வது?

வேலூர், ராணிப்பேட்டைப் பகுதியினருக்குச் சென்னை விமான நிலையம் வசதி. காட்பாடியிலிருந்து இரயிலில் சென்ட்ரல் வந்தால், மெட்ரோவின் நீலத் தடத்தில் நேராக விமான நிலையம் சென்றுவிடலாம். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்கு வாடகைக் காரில் செல்வோர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வரையுள்ள நெரிசலுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்தினருக்குப் பெங்களூரும் அருகில்தான். இரண்டு ஊர் விமானக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளைகுடா நகரங்கள் வழியாகவோ, பிராங்ஃபர்ட் வழியாகவோ ஹெல்சிங்கி செல்லலாம். பிராங்ஃபர்ட் வழியென்றால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், விமானம் மாற ஒரு மணி நேர இடைவெளி போதாது. லண்டன் வழிச் சீட்டு மலிவாகக் கிடைத்தால், இந்தியர்களுக்கு அங்கே வழிமாற்று விசா தேவையா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து உள்ளூர் இரயிலில் திக்குரிலா வந்து, அங்கே தம்பெரே செல்லும் இரயில் ஏறலாம். மொத்தம் இரண்டு மணி நேரம் அளவில் ஆகும்.

தங்குவது எங்கே?

2021 டிசம்பரில் திறக்கப்பட்ட நோக்கியா அரங்கம் தம்பெரே இரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நகர மையத்தில் அறை கிடைத்தால் வண்டியே தேவையில்லை. கிடைக்காவிட்டால் டிராம் தடத்தை ஒட்டிய பகுதியில் தேடுங்கள். ஹமேன்லின்னா போன்ற பக்கத்து ஊரில் தங்கி இரயிலில் வந்து போகவும் முடியும். ஆனால் கடைசிக் குழுவின் ஆட்டமும் பதக்க விழாவும் இரவு வெகுநேரம் நீளக்கூடும்; கடைசி இரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டியைப் பார்ப்பது கொடுமை.

குளிரைத் தாங்க முடியுமா?

அக்னி நட்சத்திர வெயிலைத் தாங்கும் வேலூர்க்காரர்களுக்கு இது எதிர்ப்பக்கத்துச் சோதனை. மார்ச் இறுதியிலும் தம்பெரேயில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். தெருவில் பனி கிடக்கும், பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்து வழுக்கும். ஆம்பூரில் வாங்கிய அருமையான தோல் ஷூ வீட்டிலேயே இருக்கட்டும். வழவழப்பான அடிப்பாகம் கொண்ட எந்தக் காலணியும் அங்கே ஆபத்து. ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகமும், தடித்த காலுறை போட்ட பிறகும் விரலை அசைக்க இடமும் உள்ள பூட்ஸ் தேவை. ராணிப்பேட்டைத் தோல் கையுறை, உள்ளே துணி வைத்துத் தைத்ததாக இருந்தால், நன்றாகவே உதவும்.

அரங்கத்துக்குள் குளிர்காற்று வீசாது என்பதால் நுழைந்தவுடன் இதமாகத் தோன்றும். ஆனால் பனித்தளத்தின் மேற்பரப்பு உறைநிலைக்கு மூன்று நான்கு டிகிரி கீழே வைக்கப்பட்டிருக்கும். அசையாமல் நாலைந்து மணி நேரம் அமர்ந்திருப்பவருக்குக் குளிர் முதலில் பாதத்தில் ஏறும். ஒரே கனத்த கோட்டைவிட, கழற்றி மாட்ட வசதியான மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். இருக்கையில் போட ஒரு சிறிய போர்வையோ மடித்த சால்வையோ இருந்தால் அருமை தெரியும்.

ஊரிலிருந்து தின்பண்டம் எடுத்துச் செல்லலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுசெல்லக் கூடாது. எனவே உறவினருக்கு ஆசையாக வாங்கிய ஆர்க்காட்டு மக்கன்பேடா, கோவா சேர்ந்தது என்பதால், ஆகாது, நெய்யும் ஆகாது, ஆம்பூர் பிரியாணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரநலச் சான்றிதழ் தேவை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, வறுத்த வேர்க்கடலை போன்றவை தொந்தரவு தராதவை. அரங்கத்துக்குள் வெளி உணவை அனுமதிப்பது போட்டிக்குப் போட்டி மாறும். சைவம் மட்டும் உண்போர் சமையலறை வசதியுள்ள அறையாகப் பார்த்து எடுத்தால், ஒரு வாரத்தை ரசம் சாதத்தோடு நிம்மதியாகக் கழிக்கலாம்.

அரங்கத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது இருக்கையை விட்டு எழக் கூடாது. வெளியே சென்றிருந்தால் அந்த ஆட்டம் முடியும் வரை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். பிளாஷ் போட்டுப் படமெடுப்பது ஆட்டக்காரரின் கண்ணைக் கூசச்செய்யும் என்பதால் எங்கும் தடை. பூவோ பொம்மையோ தளத்தில் எறிய அனுமதி உண்டா என்பதை அந்தந்தப் போட்டியின் விதியில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் இதழ் உதிராதபடி முழுவதும் சுற்றிய பூவாக இருக்க வேண்டும். பனியில் கிடக்கும் ஓர் இதழ் அடுத்து ஆடுபவரைக் கீழே தள்ளிவிடும்.

விழுந்தவருக்கும் கைதட்டுங்கள். அங்கே அதுதான் வழக்கம்.

மதிப்பெண் முறை புரியாமல் பார்த்தால் சுவைக்குமா?

சுவைக்கும், கொஞ்சம் தெரிந்தால் இன்னும் சுவைக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு: மும்முறை சுழலும் ஆக்சல் என்னும் தாவலுக்கு 8, நான்கு முறை சுழலும் லட்ஸுக்கு 11.5, நான்கு முறை சுழலும் ஆக்சலுக்கு 12.5. செய்த தரத்தைப் பொறுத்து ஒவ்வொரு நடுவரும் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை கொடுப்பார். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். அதோடு ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் தனி மதிப்பெண் சேரும். நெடிய ஆட்டத்தின் பின்பாதியில் வரும் கடைசி மூன்று தாவல்களுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் கிடைப்பதால்தான், களைத்த காலோடு கடினமான தாவல்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

முன்னோக்கிப் பார்த்தபடி எழும்பினால் அது ஆக்சல். மற்ற ஐந்து வகைத் தாவல்களிலும் பின்னோக்கி வந்தே எழும்புவார்கள். முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவதால் ஆக்சலில் அரைச் சுற்று கூடுதலாகிறது. நான்கு சுற்று ஆக்சலைப் போட்டியில் முதன்முதலாக 2022 செப்டம்பரில் முடித்துக்காட்டிய இலியா மலினின், 2024, 2025 ஆண்டுகளின் உலகச் சாம்பியன். இவ்வளவு தெரிந்தால், பக்கத்து இருக்கைக்காரர் ஏன் பெருமூச்சு விடுகிறார் என்பது புரிந்துவிடும்.

எங்கள் மகள் வேலூரில் ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறாள். அவளுக்கு இது பயன்படுமா?

ரோலரில் வேகப் போட்டிக்குப் பழகும் பிள்ளைக்கு, உடல் சாய்வும் ஒற்றைக்கால் சமநிலையும் எங்கே போய்ச் சேரலாம் என்பதைக் காட்டும் பயணமாக இது அமையும். குறிப்பாகப் பயிற்சி நேரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் திரும்பி வந்ததும் பனியில் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பன்னாட்டு அளவிலான உள்ளரங்கப் பனித்தளத்துக்கு டேராடூன் வரை போக வேண்டியிருக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

பணம் எப்படி எடுத்துச் செல்வது?

கார்டே போதும், பின்லாந்தில் ரொக்கத்துக்குத் தேவை மிகக் குறைவு. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஒரு வரம்பும் போட்டுவிடுங்கள். ஓடிபி வரும் எண் வெளிநாட்டிலும் இயங்குமாறு ரோமிங் வசதியைக் குறைந்த அளவிலேனும் எடுத்திருக்க வேண்டும். மாற்றாக இன்னொரு வங்கியின் கார்டு வேறு பையில் இருக்கட்டும்.

போட்டி முடிந்த மறுநாளே திரும்பிவிடலாமா?

திரும்பலாம், ஆனால் 2027க்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஆண்டு மார்ச் 26 புனித வெள்ளி, 28 ஈஸ்டர், 29 திங்கள் அங்கே விடுமுறை. கடைகள் பல மூடியிருக்கும், இரயில்களில் கூட்டம் இருக்கும். இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள். மேலும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறான 28ஆம் தேதி அதிகாலையில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அன்று காலை விமானமோ இரயிலோ பிடிப்பவர்கள் முந்தைய இரவே அதைத் திருத்தி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.